பழைய பிக்கப் வண்டிக்கு வெள்ளை ஓக் பலகைத் தளம்

பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர்கள் இஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், கதவுக்குக் கீழே துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். பின்னால் இருக்கும் சுமைத் தொட்டியின் தரையைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நான் வாங்கிய 1968ஆம் ஆண்டு செவ்ரோலெட் சி10 வண்டியில் அந்தத் தரைதான் மோசமாகப் போயிருந்தது. 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சின் நன்றாகவே ஓடியது. தொட்டியில் ஏறி நின்றால் பலகை காலடியில் அமுங்கியது. அதை நானே மாற்றினேன். அப்போது கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். மொத்த வேலைக்கும் அடிப்படை இரண்டு: மரம் அசைய இடம் வேண்டும், தண்ணீர் இறங்க வழி வேண்டும். இரண்டையும் ஆலையின் வடிவமைப்பிலேயே வைத்துத்தான் வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். நாம் அதைக் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

இந்த வண்டிகளை அறியாதவர்களுக்குச் சில வரிகள். 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் பிக்கப்களில் தொட்டி இரண்டு விதம். பக்கவாட்டுத் தகடு சக்கரத்தையும் உள்ளடக்கி வழவழப்பாக இருந்தால் அது ஃப்ளீட்சைடு. தொட்டி குறுகலாக நடுவில் நிற்க, மட்கார்டு வெளியே புடைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் காலை வைத்து ஏற ஒரு படியும் இருந்தால் அது ஸ்டெப்சைடு. ஃப்ளீட்சைடு அந்த ஆண்டுகளில் மரத் தளத்துடனும் வந்தது, எஃகுத் தளத்துடனும் வந்தது. பின்னாளில் எஃகுக்கு மாறிவிட்டது. ஸ்டெப்சைடு மட்டும் நெடுங்காலம் மரத்தை விடவில்லை. என்னுடையது ஆறரை அடி நீளத் தொட்டி கொண்ட ஸ்டெப்சைடு. மரவேலைக்குப் புதியவர்களுக்கு இதுவே நல்லது. சக்கரம் தொட்டிக்கு வெளியே இருப்பதால், சக்கரக் கூட்டுக்காகப் பலகையை வளைத்து வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மேல் குறுக்கே எஃகுச் சட்டங்கள் படுத்திருக்கும். அவற்றின் மேல் நீளவாக்கில் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் இடையே சிறு இடைவெளி. அந்த இடைவெளியை மூடிக்கொண்டு, இரு பக்கப் பலகைகளின் விளிம்பையும் ஒருசேர அழுத்திப் பிடித்தபடி, முன்னிருந்து பின்வரை ஓர் எஃகுப் பட்டை ஓடும். பட்டை உட்காருவதற்காகப் பலகையின் விளிம்பைப் படிபோல வெட்டியிருப்பார்கள். பட்டையில் சதுரத் துளைகள் உண்டு. தலை உருண்டு, கழுத்து சதுரமாக இருக்கும் போல்ட் அவற்றின் வழியே இறங்கி, பலகைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் கடந்து, குறுக்குச் சட்டத்துக்கு அடியில் நட்டுடன் முடியும். இந்தப் போல்ட் எதுவும் மரத்தைத் துளைப்பதில்லை. பலகை பட்டைக்குக் கீழே அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஈரத்தில் அது விரியலாம், வெயிலில் சுருங்கலாம், எதுவும் பிளக்காது. மழைநீர் பட்டையோரமாக இறங்கித் தரைக்குப் போய்விடும். ஏற்றும் சரக்கு மரத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும் பட்டையின் மேல் சறுக்கிக்கொண்டு போகும், மரம் தேயாது. ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு எளிமையாக, இவ்வளவு யோசித்துச் செய்த பொருள்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இந்த அமைப்பைப் பலர் பாழாக்கியிருப்பதை வண்டிக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். பலகைகளைப் பசை போட்டு ஒரே மேசைபோல ஒட்டியிருப்பார்கள். அல்லது இடைவெளி முழுவதையும் சிலிக்கான் பசையால் அடைத்திருப்பார்கள். அல்லது மழை இறங்காமல் இருக்க அடியில் ஒட்டுப்பலகை வைத்து முடுக்கியிருப்பார்கள். முதல் வகை பிளக்கும். மற்ற இரண்டும் தண்ணீரை உள்ளேயே பிடித்துவைத்து அழுக வைக்கும். கண்காட்சிக்கு மூடிய டிரெய்லரில் போய், கேரேஜுக்கே திரும்பும் வண்டிக்கு வேண்டுமானால் இது செல்லும். மழையில் நிற்கும் வண்டிக்குச் செல்லாது.

தளத்தை மாற்ற வேண்டுமா, இன்னும் சில காலம் தாங்குமா என்பதை மேலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, கூரான திருப்புளியால் குறுக்குச் சட்டங்களின் ஓரமாகப் பலகையைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுக்கும்; அழுகிய மரம் உள்ளே விடும். என் வண்டியில் பலகைகளின் நடுப்பகுதி இன்னும் திடமாகவே இருந்தது. தொட்டியின் பின்கதவான டெயில்கேட்டை ஒட்டிய கடைசிக் குறுக்குச் சட்டத்தின் மேல் மட்டும் திருப்புளி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை யாரும் தவிர்க்கக் கூடாது. தொட்டியின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே குறுக்காக டேப் பிடித்து இரண்டு அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் தொட்டி கோணாமல், மூலைகள் செங்கோணமாக நிற்கிறது. இந்த வண்டிகளில் தளம் சரக்கைத் தாங்குவதோடு பக்கத் தகடுகளை விறைப்பாகவும் பிடித்து நிறுத்துகிறது. பலகைகள் போனவுடன் தொட்டி கொஞ்சம் கோணிக்கொள்ளும். அப்படியே புதிய தளத்தைப் போட்டு முடுக்கிவிட்டால், பிறகு டெயில்கேட் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் பூட்டு எட்டாது. டெயில்கேட்டை மாட்டிய நிலையிலேயே வைத்து, முன்பக்கத்தில் இரு பக்கத் தகடுகளுக்கும் குறுக்கே ஒரு கட்டையைப் பிணைத்துவிட்டுத்தான் நான் முதல் போல்ட்டைத் தொட்டேன்.

பலகைகளின் வரிசை, எந்தப் பட்டை எங்கே, எந்த வாஷர் எதனுடன் என்பதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டேன். எதிர் வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தச்சர். அவர் சொன்ன ஒரு வார்த்தை பின்னால் பெரிதும் உதவியது. “பழைய பலகையை விறகாக்கிவிடாதீர்கள். புதிய தளத்தில் கடைசி நட்டு ஏறும்வரை அதுதான் உங்கள் அளவுகோல்” என்றார். ஓரத்தில் வரும் பலகையின் அகலம், முன்முனையில் உள்ள வெட்டு, சேசிஸ் போல்ட்டுக்கான துளையின் இடம் எல்லாம் அந்த மக்கிய பலகையில்தான் எழுதியிருந்தன. சந்தையில் கிடைக்கும் ஆயத்தப் பலகைத் தொகுப்பை வாங்கினாலும் பழையதை வைத்திருங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வண்டியில் ஒரு குறுக்குச் சட்டமாவது யாரோ மாற்றிப் பொருத்தியதாக இருக்கும். தொகுப்பில் உள்ள துளை அதனுடன் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

பழைய போல்ட் கழன்று வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலத்தில் நட்டும் போல்ட்டும் ஒரே துண்டு இரும்பாகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாளே அடித்து வைத்தால் சில கழலும். மற்றவற்றில், பட்டையின் சதுரத் துளை தேய்ந்து போல்ட் நட்டோடு சேர்ந்து சுற்றும். அவற்றைக் கிரைண்டரால் அறுப்பதே வழி. அதற்கு முன் தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் வைத்து வந்தது. அது பயமாக இருப்பதால் பலர் டேங்கைத் தொட்டிக்கு அடியில் மாற்றியிருப்பார்கள். அங்கே தீப்பொறி பறக்கக் கூடாது. டேங்கை முதலில் இறக்க வேண்டும். டேங்க் இல்லாவிட்டாலும், காய்ந்து மக்கிய பைன் மரமும் சேசிஸ் இடுக்கில் எலி கட்டிய பஞ்சுக் கூடும் நொடியில் பற்றும். தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடி, கையுறை, முகத்துக்கு நல்ல வடிகட்டி மூன்றும் கட்டாயம். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

பட்டைகளைத் தூக்கியதும் அடியில் கண்ட காட்சியை இன்னும் மறக்கவில்லை. வெயில் படாத அந்த ஓர் அங்குல அகலத்தில் மட்டும், ஆலையில் பூசிய வண்ணம் புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. அந்த வண்டிகளில் பலகைக்கு வண்ணம்தான் பூசினார்கள். இன்று நாம் பார்க்கும் பளபள வார்னிஷ், மீட்டெடுத்த வண்டிகளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகத் தொடங்கியபின் வந்த வழக்கம். பின்சட்டத்துக்கு மேலே வேறு காட்சி. பலகைக்கும் எஃகுக்கும் நடுவில் மண், இலை, வைக்கோல் துணுக்கு எல்லாம் சேர்ந்து கறுத்துக் கெட்டியாகியிருந்தன. பல நாள்களாக மழை இல்லை. ஆனாலும் அந்த மண்ணை விரலில் பிசைந்தால் ஈரம் ஒட்டியது. தளத்தை அழித்தது மேலே பெய்த மழை என்று நினைத்திருந்தேன். மழை ஓடிவிட்டது. ஓட முடியாமல் அங்கே தங்கிய ஈர மண்தான் மேலே மரத்தையும் கீழே சட்டத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறது.

ஆகவே மர வேலை என்று தொடங்கினாலும் பாதி இரும்பு வேலை என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். பின்சட்டத்துக்குப் புதியதே வாங்கிப் பொருத்தினேன். மற்றவற்றைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துருவைத் தின்னும் திரவம் பூசி, எபாக்சி பிரைமரும் அதன் மேல் கறுப்பு வண்ணமும் கொடுத்தேன். சேசிஸின் மேல்முகம் இப்படித் திறந்து கிடக்கும் வாய்ப்பு இன்னொரு முறை எளிதில் வராது. பின்பக்க விளக்குகளுக்குப் போகும் மின்கம்பிகளையும், பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயையும் அப்போதே மாற்றிவிட்டேன். பிரேக் குழாய்க்கு நிக்கலும் செம்பும் கலந்த வகை வாங்குங்கள். வளைக்க எளிது, உப்பில் துருப்பிடிக்காது.

இனி மரம். ஆலையில் பெரும்பாலும் பயன்படுத்தியது அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளரும் மஞ்சள் பைன். மலிவானது, ஆனால் மட்டமானது அல்ல. பைன் இனங்களில் நல்ல கடினம் கொண்டது. வண்டி ஆலையிலிருந்து வந்தது போலவே இருக்க வேண்டும் என்பவர்கள் அதையே போட்டு வண்ணம் பூசலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஓக்கின் பக்கம் சாய்ந்தேன், ஏனென்றால் ஒஹையோ கடின மரங்களின் மாநிலம். ஓக் இங்கே வீட்டு வாசலில் கிடைக்கும் மரம்.

ஓக்கில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. கடையில் சிவப்பு ஓக் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. கடினத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் மழையில் நிற்கும் பொருளுக்குச் சிவப்பு ஓக் உதவாது. காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம். சிவப்பு ஓக்கில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாயை வைத்து ஊதுங்கள். தண்ணீரில் குமிழி கிளம்பும். அதன் நீர்க்குழாய்கள் முனைக்கு முனை திறந்தே கிடக்கின்றன. வெள்ளை ஓக்கில் மரம் வைரமேறும்போது, அதாவது நடுப்பகுதி முதிர்ந்து கெட்டிப்படும்போது, அந்தக் குழாய்களுக்குள் மெல்லிய படலங்கள் வளர்ந்து அடைத்துக்கொள்கின்றன. மதுப் பீப்பாய்களுக்கு வெள்ளை ஓக்கைத் தேடிப் போவது இதனால்தான். அமெரிக்காவில் போர்பன் விஸ்கியைப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே வண்டிக்குப் பலகை தேடுகிற நாமும் பீப்பாய்க்காரர்களும் ஒரே மரத்துக்குப் போட்டியிடுகிறோம். விலை அதைக் காட்டும். ஆனாலும் கொடுக்கலாம். வைரமேறிய பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்தில் வெளுத்துத் தெரியும் பகுதி வெள்ளை ஓக்கிலும் சீக்கிரம் அழுகும்.

ஆஷ் மரம் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அழகான மரம், அடி தாங்கும். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு இந்தப் பகுதியின் ஆஷ் மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவிட்டது. கிடைத்தாலும், ஈரத்தில் ஆஷ் அழுகும் என்பதால் நான் எடுக்க மாட்டேன். மருந்தேற்றிய பைன் பலகையும் வேண்டாம். அதில் உள்ள செம்பு மருந்து சாதாரண எஃகை அரிக்கும். பெரும்பாலும் ஈரத்தோடே விற்பதால் காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

பலகைக்கு ஹோம்ஸ் மாவட்டத்துக்குப் போனேன். நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்துப் பழைய முறையில் வாழும் கிறித்தவச் சமூகமான ஆமிஷ் மக்கள் ஒஹையோவில் அடர்த்தியாக வாழும் பகுதி அது. சாலையில் குதிரை வண்டிகள், வழியெல்லாம் சிறு மரவாடிகளும் மேசை நாற்காலிப் பட்டறைகளும். ஞாயிற்றுக்கிழமை எதுவும் திறந்திருக்காது. நான் போன வாடியின் உரிமையாளர் பேச்சில் சிக்கனம். என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். சொன்னதும், அடுக்கின் மேலே இருந்ததை விட்டுவிட்டு உள்ளே போய்க் கணு இல்லாத நீளப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பலகையின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்க்கச் சொன்னார். முறுக்கு இருந்தால் அப்படிப் பார்த்தால்தான் தெரியும். லேசாக வில்போல் வளைந்ததைப் பட்டை அழுத்திச் சரிசெய்துவிடும். முறுக்கியதை எதுவும் சரிசெய்யாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கே கடின மரத்தை ‘போர்ட் அடி’ கணக்கில் விற்பார்கள். ஓர் அடிச் சதுரம், ஓர் அங்குலக் கனம், அதாவது 144 கன அங்குலம். தொட்டித் தரை ஏறத்தாழ 50 அங்குல அகலம், 78 அங்குல நீளம். அது 27 சதுர அடி. இழைப்பதில் போவது, கணுவில் வெட்டிப் போவது எல்லாம் சேர்த்து 35 முதல் 40 போர்ட் அடி வரை வாங்குங்கள். இரண்டாம் முறை போனால் அதே அடுக்கின் நிறம் கிடைக்காது. அறுத்த ஓர் அங்குலப் பலகையை இரு முகமும் இழைத்தால் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் நிற்கும். பழைய பலகையின் பட்டைக்கு அடியில் தேயாமல் இருக்கும் இடத்தில் அளந்து அதே கனத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மரத்தின் அசைவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். சூளையில் உலர்த்திய பலகை 6 முதல் 8 சதவீத ஈரப்பதத்தோடு வரும். வீட்டுக்குள் வைக்கும் மேசைக்கு அது சரி. வெளியில் நிற்கும் வண்டியில் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து 12 சதவீதம் அளவுக்கு ஏறும். வெள்ளை ஓக் பலகை ஆறு அங்குல அகலம் என்றால், ஈரப்பதம் நான்கு சதவீதம் ஏறும்போது அகலம் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கூடும். ஒரு பலகைக்கு இரண்டு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. எட்டுப் பலகைகளை இடைவெளியில்லாமல் நெருக்கிப் போட்டால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அது பக்கத் தகட்டைத் தள்ளும் அல்லது தளமே நடுவில் தூக்கும். ஆகவே பலகைகளை இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, கேரேஜில் சில வாரம் காற்றாட விட்டேன். ஈரமானியின் எண் மாறாமல் நின்றபிறகே வெட்டினேன். வெட்டும்போது போல்ட் தாராளமாக இறங்கும் இடைவெளியை விட்டேன்.

விளிம்பில் படி வெட்டுவதற்கு, மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர் கருவி போதும். மேசை ரம்பம் இருந்தால் இன்னும் வசதி. ஆழத்தைப் புத்தகத்தில் படித்தோ கேட்டோ வைக்காதீர்கள். உங்கள் பட்டையையே எடுத்து ஒரு கழிவுத் துண்டில் பொருத்திப் பாருங்கள். பட்டை மரத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும், அதே நேரம் அடியில் மரத்தை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். அந்த நிலை வந்ததும், கருவியின் அமைப்பை மாற்றாமல் எல்லாப் பலகைகளையும் ஒரே மூச்சில் வெட்டி முடியுங்கள். பாதியில் நிறுத்தி மறுநாள் மறுபடி அளவு வைத்தால் நூலளவு வித்தியாசம் வரும்; எட்டுப் பலகையில் அது கண்ணில் படும்.

எந்த முகம் மேலே என்பதில் தச்சர்களிடையே வாதம் உண்டு. என் முடிவு இது. பலகையின் முனையில் வளர்ச்சி வளையங்களைப் பாருங்கள். மரப்பட்டைப் பக்கம் இருந்த முகத்தை மேலே வையுங்கள். உலர்ந்த பலகை ஈரம் ஏறும்போது அந்த முகம் லேசாக மேடாகும். தண்ணீர் நடுவில் தேங்காமல் ஓரத்துக்கு வடியும், ஓரங்களைப் பட்டை பிடித்திருக்கும். மாற்றி வைத்தால் பலகை குழிந்து தண்ணீரை ஏந்தும்.

பூச்சைப் பற்றி வார்னிஷ் கட்சி, எண்ணெய்க் கட்சி என்று இரண்டு உண்டு. படகுக்குப் பூசும் வார்னிஷ் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து, படலத்துக்கு அடியில் கறுக்கும். பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். சரக்கு ஏற்றும் வண்டிக்கு எண்ணெயே சரி என்று தீர்மானித்தேன். ஆளிவிதை எண்ணெய் ஈரமான காலத்தில் பூஞ்சைக்கு உணவாகும் என்பதால், டங் மரத்தின் கொட்டையிலிருந்து பிழியும் டங் எண்ணெய் எடுத்தேன். முதல் பூச்சை டர்ப்பென்டைன் கலந்து நீர்க்கக் கொடுத்து, மேற்கொண்டவற்றைக் கெட்டியாகக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். டங் எண்ணெய் மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படக் கூடாது. பலகையை வண்டியில் ஏற்றும் முன்பே ஆறு முகங்களுக்கும் பூசுங்கள். வெட்டுமுனைகளுக்கு, அவை குடிப்பதை நிறுத்தும்வரை பூசுங்கள். பழைய தளம் அங்கிருந்துதான் அழுகத் தொடங்கியது.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். டங் எண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் ஏறி, யாரும் கொளுத்தாமலே தீப்பிடிக்கும். வீடுகள் இப்படி எரிந்திருக்கின்றன. துணியை வெளியில் விரித்துத் தனித்தனியாகக் காயவையுங்கள். அல்லது தண்ணீர் நிரம்பிய இரும்பு டப்பாவில் மூடி வையுங்கள்.

போல்ட், வாஷர், நட்டு எல்லாம் துருவேறா எஃகிலேயே வாங்கினேன். ஓக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்து சாதாரண இரும்போடு சேர்ந்தால் மை ஊற்றியது போன்ற கறுப்புக் கறையைத் தரும். பலகை வெட்டும் மேசையில் இரும்புத் தூள் கிடந்தாலும் இதே கதைதான். கறை விழுந்துவிட்டால் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்த நீர் அதை எடுக்கும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். துருவேறா எஃகில் ஒரு குணக்கேடு உண்டு: மரையில் உயவு இல்லாமல் வேகமாக முடுக்கினால் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு முன்னும் போகாது, பின்னும் வராது. ஒவ்வொரு மரையிலும் கவ்வல் தடுக்கும் பசையைத் தடவி, கையால் மெதுவாகவே முடுக்குங்கள்.

பொருத்தும் நாளில் ஒரு பலகையைப் போட்டு இறுக்கி அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாப் பலகைகளையும் பட்டைகளையும் பரப்பி, எல்லாப் போல்ட்டையும் இறக்கி, நட்டுகளை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி வையுங்கள். மேலே ஒருவர், அடியில் ஒருவர் வேண்டும். என் மனைவி மேலே நின்று போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டார். இப்போது முன்னே குறித்து வைத்த மூலைவிட்ட அளவுகளைச் சரிபாருங்கள், டெயில்கேட்டைத் திறந்து மூடிப் பாருங்கள். எல்லாம் ஒத்துவந்தபின் நடுவிலிருந்து ஓரங்களுக்குப் போகும்படி சிறிது சிறிதாக இறுக்குங்கள். பட்டை மரத்தில் படிந்து, போல்ட்டைச் சுற்றிக் குழியாத அளவுக்கு இறுக்கம் போதும். தொட்டியைச் சேசிஸோடு பிணைக்கும் பெரிய போல்ட்கள் மட்டும் என் வண்டியில் பலகையைத் துளைத்தே இறங்குகின்றன. அந்தத் துளைகளைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, உட்சுவரிலும் எண்ணெய் பூசி, அகலமான வாஷரால் மூடினேன். சேசிஸுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர்த் திண்டு வைக்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி ஒவ்வொரு பள்ளத்திலும் கத்தும்.

முதல் குளிர்காலம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். மரம் புது இடத்தில் அடங்கியிருக்கும், சில கால் சுற்று கேட்கும். தொட்டியில் ரப்பர்ப் பாய் விரிக்காதீர்கள். அதற்கு அடியில் ஈரம் காயவே காயாது. இலையுதிர் காலத்தில் பின்சட்டத்தின் இடுக்கில் சேரும் குப்பையைக் குழாய்த் தண்ணீரால் அடியிலிருந்து பீய்ச்சித் தள்ளுங்கள். பனிக்காலத்தில் வண்டியை எடுத்தால் உப்பையும் அப்படியே கழுவிவிடுங்கள். வெயிலில் மேல்முகம் ஓரிரு ஆண்டில் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். அதை அழுகல் என்று பயப்பட வேண்டாம். லேசாக உப்புத்தாள் போட்டு, ஒரு கை எண்ணெய் பூசினால் நிறம் திரும்பிவிடும். வசந்தகாலத்தில் வெயில் ஏறும் முதல் வறண்ட வாரம் அதற்குத் தோதானது.